எடைக்குறைப்பு அறுவைக்குப் பிந்தைய செரிமானக் கோளாறுகள்

எடைக்குறைப்பு அறுவைக்குப் பிந்தைய செரிமானக் கோளாறுகள் என்பன, மிகை உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையிலும் சிறுகுடலிலும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோருக்குப் பிற்காலத்தில் ஏற்படும் வயிறு, குடல் சார்ந்த தொல்லைகள் ஆகும். உண்ட சிறிது நேரத்தில் படபடப்பும் வயிற்றுப்போக்கும் உண்டாதல், குருதியில் சர்க்கரை திடீரெனக் குறைதல், இரைப்பை இணைப்பில் புண், பித்தக்கல், நெஞ்செரிச்சல், குடல் அடைப்பு ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இவற்றுட் சில, உணவு முறையை மாற்றினாலே அடங்கிவிடும். வேறு சில, ஒரு நாளைக்குள் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடியவை. இரண்டையும் பிரித்தறிவதே கடினம். அறுவை நடந்து ஐந்து, பத்து ஆண்டுகள் கடந்தபின் வரும் வயிற்று வலியைப் பழைய அறுவையுடன் தொடர்புபடுத்திப் பார்க்க நோயாளியும் தவறலாம், மருத்துவரும் தவறலாம்.

எடைக்குறைப்பு அறுவைகள் பல வகைப்படும். இக்கட்டுரை பெரும்பாலும் இரைப்பை மாற்றுவழி அறுவையை முன்வைத்து எழுதப்பட்டுள்ளது; நெடுங்காலத் தொல்லைகள் மிக விரிவாக ஆராயப்பட்ட அறுவை அதுவே. மற்ற வகைகள் தேவையான இடங்களில் சுட்டப்படுகின்றன.

அறுவையால் மாறும் உடலமைப்பு

இயல்பான இரைப்பை ஏறத்தாழ 1 முதல் 1.5 லிட்டர் வரை கொள்ளும் ஒரு தேக்கிடம். உண்டவற்றை அது பல மணி நேரம் வைத்திருந்து, அரைத்து, கூழாக்கி, தன் கீழ்வாயிலில் உள்ள சுருக்குத்தசை வழியே சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அணையின் மதகு போன்றது இத்தசை. எவ்வளவு விரைவாக உண்டாலும், சிறுகுடலுக்கு அதனால் கையாளக்கூடிய அளவே சென்று சேரும்.

மாற்றுவழி அறுவையில் இரைப்பையின் மேற்பகுதி மட்டும் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையாகப் பிரிக்கப்படுகிறது. சிறுகுடல் நடுவில் வெட்டப்பட்டு, அதன் கீழ்முனை மேலே கொண்டுவரப்பட்டு இப்பையுடன் இணைக்கப்படுகிறது. எஞ்சிய பெரிய இரைப்பையும் முன்சிறுகுடலும் அகற்றப்படுவதில்லை. உணவு செல்லாத பகுதிகளாக அவை வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன. பித்தநீரும் கணையநீரும் அவ்வழியே இறங்கி, வெகுவாகக் கீழே சென்றபின்னரே உணவைச் சந்திக்கின்றன. இரண்டு கிளைகள் சேர்ந்து ஒன்றாகும் இவ்வமைப்பு, இதை வகுத்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் செசார் ரூ (1857–1934) என்பவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. அவர் எடைக்குறைப்பைக் கருதி இதைச் செய்யவில்லை.

எனவே மாற்றுவழி அறுவைக்குப் பின் மூன்று மாற்றங்கள் நிலைத்துவிடுகின்றன: தேக்கிடம் மிகச் சிறியது, மதகு இல்லை, செரிமான நீர்கள் தாமதமாக வந்து சேர்கின்றன. பின்னர் காணும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை இம்மூன்றிலிருந்தே விளக்கிவிடலாம்.

இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படும் குழல் இரைப்பை அறுவையில், இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி அகற்றப்பட்டு ஒரு குறுகிய குழல் எஞ்சுகிறது. இதில் கீழ்வாயில் தசை அப்படியே உள்ளது, குடல் வெட்டப்படுவதில்லை. இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் பட்டை பொருத்தும் முறை 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுப் பரவியது. பட்டை நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்து உட்செல்லுதல் போன்ற தொல்லைகளால் பலருக்கு அதைப் பின்னர் அகற்ற நேர்ந்தது. இன்று அம்முறை அரிதாகிவிட்டது.

வரலாறு

உண்டபின் வரும் படபடப்பு, எடைக்குறைப்பு அறுவைகளை விடப் பழையது. குடற்புண்ணுக்காக இரைப்பையைச் சிறுகுடலுடன் இணைத்துக்கொண்டோரிடம் 1913இல் ஆர்தர் ஹெர்ட்சு என்னும் ஆங்கிலேய மருத்துவர் இதைக் கண்டு எழுதினார். இரைப்பை தன் உள்ளடக்கத்தைக் குடலுக்குள் 'கொட்டுவதால்' இது நேர்வதாகக் கருதி, 1922இல் மிக்சு என்பார் பயன்படுத்திய டம்பிங் என்ற சொல்லே இன்றும் வழங்குகிறது.

எடைக்குறைப்புக்கெனத் தொடக்கத்தில் செய்யப்பட்ட அறுவை, சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு வழியிலிருந்து விலக்குவதாக இருந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெமன், லின்னர் ஆகியோர் 1954இல் இது பற்றி அறிக்கை வெளியிட்டனர். எடை நன்றாகவே குறைந்தது. ஆனால் அறுவை செய்துகொண்டோரிடம் ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டழற்சி, கல்லீரல் செயலிழப்பு ஆகியன தோன்றின. சிலர் இறந்தனர். 1980களின் தொடக்கத்தில் இம்முறை கைவிடப்பட்டது. அறுவை மேசையில் வெற்றியெனத் தெரிந்தது பல ஆண்டுகள் கழித்தே தோல்வியெனத் தெரிந்தது என்பதால், இத்துறையில் நெடுங்காலக் கண்காணிப்பு வலியுறுத்தப்படுவதற்கு இவ்வரலாறு ஒரு முக்கியக் காரணம்.

அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசனும் சிகாசி இட்டோவும் 1966இல் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கினர். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்கள் மெலிந்தே இருப்பதை மேசன் கவனித்திருந்தார். 1977இல் வார்டு கிரிஃபன் இதில் ரூவின் கிளை அமைப்பைச் சேர்த்தார். 1994இல் விட்குரோவும் கிளார்க்கும் நுண்துளை வழியே இதைச் செய்து காட்டினர்.

இவ்வறுவைகளின் பயன் பற்றியும் இங்கு ஒரு சொல் தேவை. 1987இல் சுவீடனில் தொடங்கிய பெரும் ஆய்வு, அறுவை செய்துகொண்டோரின் இறப்பு வீதம் செய்துகொள்ளாத ஒத்த உடற்பருமனுடையோரை விடக் குறைவு என 2007இல் காட்டியது. நீரிழிவும் பலருக்குத் தணிகிறது. கீழே விவரிக்கப்படும் தொல்லைகளை இதனோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

டம்பிங்

இது இரு வகைப்படும். முந்திய வகை, உண்டு 10 முதல் 30 நிமிடங்களில், எப்படியும் ஒரு மணி நேரத்துக்குள் தோன்றும். மதகு இல்லாததால் இனிப்பும் மாவும் அடர்ந்த கரைசலாகச் சிறுகுடலில் இறங்குகின்றன. அவற்றின் அடர்த்தியைச் சமன்செய்யக் குருதியிலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. குடல் இயக்குநீர்களும் மிகையாகச் சுரக்கின்றன. குடல் உப்பி வலிக்கும், வயிறு போகும். குருதி ஓட்டத்தின் கன அளவு குறைவதால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், முகம் சிவக்கும், தலை சுற்றும். உடனே படுத்துவிட வேண்டும் என்ற உணர்வு இதன் தனி அடையாளம்.

பிந்திய வகை, உண்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வரும். விரைவாக உறிஞ்சப்பட்ட சர்க்கரைக்கு எதிராக இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, குருதிச் சர்க்கரை தாழ்ந்துவிடுகிறது. நடுக்கம், கடும்பசி, வியர்வை, குழப்பம், சிலருக்கு மயக்கமும் வலிப்பும் ஏற்படும். இது அறுவைக்குப்பின் ஓராண்டோ அதற்கு மேலோ கழித்தே பெரும்பாலும் தலைகாட்டும். அதுவரை நன்றாக இருந்தவருக்குத் திடீரென வருவதால், மன அழுத்தத்தின் விளைவு எனத் தவறாக எண்ணப்படுவதும் உண்டு. அறிகுறி தோன்றும் நேரத்திலேயே குருதிச் சர்க்கரையை அளந்து பார்ப்பது ஐயத்தைத் தீர்க்கும். டெசிலிட்டருக்கு 54 மில்லிகிராமுக்குக் கீழிருந்தால் அது பொருட்படுத்த வேண்டிய வீழ்ச்சி.

இதில் ஒரு சுழற்சி உள்ளது. சர்க்கரை தாழ்ந்ததும் கை இனிப்பைத் தேடும். மிகுதியாக இனிப்பு உண்டால் இன்சுலின் மீண்டும் மிகையாகச் சுரந்து, இரண்டு மணி நேரத்தில் மறுபடி தாழ்வு வரும். தாழ்வு நேரும்போது 15 கிராம் அளவு குளுக்கோசு எடுத்து, நிலை சீரானதும் புரதமுள்ள சிறு உணவு உண்பதே முறை. சர்க்கரையைத் தவிர்ப்பதும், ஒவ்வொரு வேளையிலும் மாவுப்பொருளைக் குறைத்துப் புரதத்தையும் நார்ப்பொருளையும் கூட்டுவதும் முதற்படி. அதிலும் அடங்காதோருக்கு, மாவுப்பொருள் செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போசு என்னும் மாத்திரையும், அடுத்த நிலையில் ஆக்டிரியோடைடு ஊசியும் வழங்கப்படுகின்றன. முன்னறிவிப்பின்றி மயக்கம் வருவோர், நிலை கட்டுக்குள் வரும்வரை வண்டி ஓட்டலாகாது.

அகக் குடலிறக்கம்

பிற்காலத் தொல்லைகளுள் மிகவும் அஞ்சத்தக்கது இதுவே. குடல் இடம் மாற்றி இணைக்கப்படும்போது, அதைத் தாங்கும் சவ்வு மடிப்புகளுக்கிடையே இடைவெளிகள் உண்டாகின்றன. அவற்றுள் ஒன்று, 1900இல் அதை விவரித்த செருமானிய மருத்துவர் பீட்டர்சனின் பெயரைக் கொண்டது. அறுவையின்போது கொழுப்பு நிறைந்த சவ்வு இவ்விடைவெளிகளை அடைத்துக்கொண்டிருக்கும். எடை குறையக் குறைய அக்கொழுப்பு கரைந்து இடைவெளி அகல்கிறது. சிறுகுடலின் ஒரு வளைவு அதனுள் நுழைந்து, தானே வெளிவரலாம். அல்லது முறுக்கிக்கொண்டு குருதி ஓட்டத்தை இழந்து அழுகலாம். எடை குறைந்து அறுவை வெற்றி எனக் கருதப்படும் காலத்திலேயே இந்த இடர் கூடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

வலி விட்டு விட்டு வரும். உண்டபின் மேல்வயிற்றிலோ இடப்பக்கத்திலோ பிடித்திழுப்பது போல் தோன்றி, சில மணி நேரத்தில் நின்றுவிடும்; முதுகுக்கும் பரவலாம். இப்படிப் பல மாதங்கள் வந்து போவதுண்டு. 'ஏதோ ஒத்துக்கொள்ளாததைத் தின்றுவிட்டேன்' என்று நோயாளி தன்னையே குறைகூறிக்கொண்டு இருந்துவிடுவார். மருத்துவமனைக்குச் செல்லும் நேரத்தில் வலி நின்றிருந்தால் சோதனைகளும் இயல்பாகவே இருக்கக்கூடும்.

மற்றொரு பொறியும் உண்டு. குடல் அடைப்பு என்றால் வாந்தி வரும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் அடைபட்டது பித்தநீர் வரும் கிளையாக இருப்பின், அது வாயோடு தொடர்பற்றது. எனவே வாந்தி இராது. உணவு செல்லாத பழைய இரைப்பை மட்டும் உள்ளே ஊதிக்கொண்டிருக்கும். மூக்கு வழியே குழாய் விட்டு அதைக் காலி செய்யவும் இயலாது. சி.டி. ஸ்கேனில் குடற்சவ்வின் குருதிக்குழாய்கள் சுழன்றிருப்பது தெரிந்தால் ஐயம் வலுக்கும். தெரியாவிட்டால் அடைப்பு இல்லை என்று பொருளன்று. வலி கடுமையாக இருந்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ, ஸ்கேன் இயல்பாக இருப்பினும் நுண்துளை வழியே உள்ளே பார்ப்பதே இத்துறை மருத்துவர்களின் நடைமுறை.

கருவுற்ற பெண்களுக்கு இந்த இடர் கூடுதல். வளரும் கருப்பை குடலை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்நிலையில் வரும் மேல்வயிற்று வலியைக் கருவுற்ற காலத்து இயல்பான தொல்லை என விட்டுவிடலாகாது.

இவ்விடைவெளிகளை அறுவையின்போதே தைத்துவிட்டால் பிற்கால அடைப்பு குறைகிறது என்பதைச் சுவீடனில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கு முன் அறுவை செய்துகொண்ட பலருக்கு இவை தைக்கப்படாமலே இருக்கக்கூடும்.

புண், கல், நெஞ்செரிச்சல்

இரைப்பைப் பையும் சிறுகுடலும் இணையும் இடத்தில் குடற்பக்கம் தோன்றுவது இணைப்புப் புண். குடலின் இப்பகுதி அமிலத்துக்குப் பழகாதது. புகைபிடித்தலும், ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநீக்கிகளும் இதற்குப் பெருங்காரணங்கள். மூட்டு வலிக்கோ பல் வலிக்கோ கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் இவ்வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். எரிச்சலும் வலியும் மட்டுமன்றி, குருதிக்கசிவு, ஓட்டை விழுதல் வரை செல்லக்கூடும். எண்டோஸ்கோப்பி எனப்படும் உள்நோக்கிச் சோதனையால் அறிந்து, அமிலம் குறைக்கும் மருந்துகளால் ஆற்றலாம். உறையைத் திறந்து கொடுத்தால் அம்மருந்துகள் விரைவில் பயன் தருகின்றன.

எடை விரைந்து குறைகையில் பித்தநீரில் கொழுப்பினி மிகுந்து கற்கள் உருவாகின்றன. முதல் ஆறு மாதங்களுக்கு அர்சோடியாக்சிகோலிக் அமிலம் கொடுப்பது இதனால்தான். கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால், வாய் வழியே குழாய் செலுத்தி எடுக்கும் வழக்கமான முறை மாற்றுவழி அறுவை செய்தோருக்கு எளிதில் கைகூடாது, அவ்வழி மூடப்பட்டுவிட்டது. வேறு முறைகளுக்கு வசதியுள்ள மருத்துவமனை வேண்டும்.

குழல் இரைப்பை அறுவையில் நிலைமை வேறு. குறுகிய குழலுள் அழுத்தம் கூடுவதால் அமிலம் உணவுக்குழாய்க்குள் எதுக்களிக்கிறது. முன்பு இல்லாதவர்க்கும் இது புதிதாகத் தோன்றலாம். சிலருக்கு உணவுக்குழாயின் உட்சுவர் மாறி, புற்றுநோய்க்கு முன்னோடியான பாரெட் நிலை உண்டாவதால், அறிகுறி இல்லாதோரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்நோக்கிச் சோதனை செய்துகொள்வது நன்று. மருந்துக்கு அடங்காத எதுக்களிப்புக்கு இவ்வறுவையை மாற்றுவழி அறுவையாக மாற்றுவதுண்டு.

வயிற்றுப்போக்கு, வாயு, மலச்சிக்கல்

மாற்றுவழி அறுவைக்குப் பின் நெடுநாள் வயிற்றுப்போக்குக்குக் காரணங்கள் பல. பால் சர்க்கரை செரியாமை முன்பு மறைந்திருந்து இப்போது வெளிப்படலாம். உணவு செல்லாத கிளையில் நுண்ணுயிர்கள் பெருகி வாயுவையும் உப்புசத்தையும் உண்டாக்கலாம். கணையநீர் உணவைத் தாமதமாகச் சந்திப்பதால் கொழுப்பு செரியாமல், மிதக்கும் எண்ணெய்ப் பசையுள்ள மலம் வெளியேறலாம். இதற்குக் கணைய நொதியங்களை மாத்திரையாகக் கொடுப்பர். பித்தப்பையை இழந்தோருக்குப் பித்த அமிலங்கள் பெருங்குடலை உறுத்துவதாலும் வயிறு போகும். சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் உள்ள சார்பிட்டால் கூடக் காரணமாகலாம். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இல்லை. எனவே சில வாரங்களுக்கு உண்டதையும் நேரத்தையும் தொல்லையையும் எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்வது பயன் தரும்.

மலச்சிக்கல், நீர் போதாமையாலும் இரும்புச்சத்து மாத்திரைகளாலும் வருவது.

வாந்தியும் ஊட்டக்குறையும்

சரியாக மெல்லாத இறைச்சியோ ரொட்டியோ சிறு பையின் வாயில் சிக்கி வாந்தி வருவது தெரிந்த தொல்லை. நாட்கணக்கில் நீடிக்கும் வாந்தி வேறு. உயிர்ச்சத்து பி1 உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்கே இருப்பு உள்ளது. அது தீர்ந்தால் கண்ணசைவுக் கோளாறு, தள்ளாட்டம், குழப்பம் ஆகியவற்றோடு வெர்னிக்கே மூளைநோய் உண்டாகும். மூளைப் பாதிப்பு நிலைத்துவிடலாம். இந்நிலையில் பி1 தராமல் குளுக்கோசு மட்டும் ஏற்றுவது நோயைத் தூண்டிவிடும். வாந்தியால் சோர்ந்து வருபவருக்கு முதலில் குளுக்கோசு ஏற்றுவது பரவலான வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

உயிர்ச்சத்து பி12இன் கதை நேர்மாறானது. கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் இருப்பு உள்ளதால் குறைபாடு மெல்லவே தெரியவரும். கால் மரத்தல், மறதி, நாக்குப் புண் ஆகியன தோன்றும்போது அறுவையே மறந்துபோயிருக்கும். இரும்பு, கால்சியம், உயிர்ச்சத்து டி, செம்பு ஆகியவையும் குறையலாம். அமிலம் குறைந்த இரைப்பைக்குக் கால்சியம் கார்பனேட்டை விடக் கால்சியம் சிட்ரேட்டு ஏற்றது. கால்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்தில் விழுங்கலாகாது. கொழுப்பு செரியாதோர் குடலில் ஆக்சலேட்டை மிகுதியாக உறிஞ்சுவதால் சிறுநீரகக் கல் உண்டாகிறது.

உணவுப் பழக்கம்

பொதுவாகக் கூறப்படுவன: சிறு அளவாகப் பலமுறை உண்ணல், நன்கு மெல்லல், புரதத்தை முதலில் உண்ணல், உணவோடு நீர் பருகாமல் அரை மணி நேரம் விடல். நம் சமையலுக்கு இவற்றைப் பொருத்திப் பார்த்தால் சில மாற்றங்கள் தேவைப்படும். குழைந்த சோற்றில் ரசம் ஊற்றி உண்பது எளிதில் இறங்கும் என எண்ணத் தோன்றும். எளிதில் இறங்குவதே இங்குச் சிக்கல். சர்க்கரை சேர்த்த கஞ்சி, பாயசம், பழச்சாறு, கரும்புச்சாறு ஆகியன டம்பிங்கைத் தூண்ட வல்லவை. கெட்டியான பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றையோ இட்லியையோ பின்னர் சிறிதளவு எடுத்துக்கொள்ளலாம். பால் ஒவ்வாதோர் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் மாத்திரைக்கும் தேநீருக்கும் இடைவெளி வேண்டும். மது, மாற்றுவழி அறுவை செய்தோருக்கு மிக விரைவில் குருதியில் ஏறும்.

மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவை

எந்த ஊரில், எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், செய்துகொண்ட அறுவையின் வகையையும் ஆண்டையும் கூற வேண்டும். 'வயிற்றில் ஓர் அறுவை' என்பது போதாது. அறுவைக் குறிப்பின் படியொன்றைக் கைவசம் வைத்திருத்தல் நல்லது. கருவுற்றோருக்கு நீரிழிவை அறியச் செய்யும் குளுக்கோசுக் கரைசல் சோதனை கடும் டம்பிங்கை உண்டாக்கக்கூடும் என்பதால், வீட்டிலேயே சர்க்கரையை அளந்து பார்க்கும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. மெல்ல மெல்லக் கரையும் வகை மாத்திரைகள் மாற்றுவழி அறுவைக்குப் பின் முழுமையாக உறிஞ்சப்படாமல் போகலாம்.

சில மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது அடிக்கடி திரும்பும் கடும் வயிற்று வலி, கருமலம், குருதி வாந்தி, நீரும் தங்காத வாந்தி, வலியுடன் காய்ச்சலோ விரைந்த நாடித்துடிப்போ, நடை தள்ளாட்டம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மறு அறுவை

உணவு முறைக்கும் மருந்துக்கும் அடங்காத சிலருக்கு மறு அறுவை தேவைப்படுகிறது. இணைப்பை இறுக்குதல், குடற்கிளைகளின் நீளத்தை மாற்றுதல் ஆகியன இவற்றுட் சில. மாற்றுவழி அறுவையில் பழைய இரைப்பை உள்ளேயே இருப்பதால், கடும் ஊட்டக்குறையோ தணியாத சர்க்கரைத் தாழ்வோ உள்ளோருக்கு உணவு வழியைப் பெரும்பாலும் முன்பிருந்தவாறே மீட்டமைக்க இயலும். எடை மீண்டும் கூடும் வாய்ப்பு உண்டு. குழல் இரைப்பை அறுவையில் அகற்றப்பட்ட பகுதியைத் திரும்பப் பொருத்த வழியில்லை.